அக்கரை என்று ஓர் ஊர்

ஆற்றுக்கு எதிர்ப்புறம் இருந்த ஊரின் பெயரை இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. அக்கரை என்றால் முடிந்தது. அக்கரையில் பெண் கொடுத்திருக்கிறோம், அக்கரையில் செருப்பு மலிவு, அக்கரைப் பல் டாக்டர் கைராசிக்காரர் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். ஆற்றின் நடுவில் ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குகிறது என்பதெல்லாம் வரைபடம் போடுகிறவர்களின் கவலை. அந்தப் பக்கத்துக்காரர்கள் மட்டும் இளைத்தவர்களா? அவர்களும் இந்த ஊரை அக்கரை என்றுதான் சொன்னார்கள். காலங்காலமாக இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. திட்டக்கா அந்தச் சொல்லை ஒரு விண்ணப்பத்தில் எழுதினாள், வந்தது வினை.

திட்டக்கா நகராட்சியில் திட்ட அதிகாரி. அலுவலகத்தில் வயதில் சின்னவர்கள் ‘திட்டம் அக்கா’ என்று கூப்பிடப்போய் அது தேய்ந்து திட்டக்கா ஆகிவிட்டது. அவள் வாயை அறிந்தவர்கள் அந்தப் பெயருக்கு வேறு காரணம் சொல்வார்கள். கோப்பில் ஒரு தேதி மாறியிருந்தால் போதும், எதிரே நிற்பவர் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டில் அவளும் அவள் அண்ணனும் மட்டும்தான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் கல்யாணமாகி அக்கரைக்குப் போய்விட்டாள். அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளாதவர், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்குப் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். விடிவதற்கு முன் பஸ் ஏறினால், ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, வந்த வழியே குலுங்கிக் குலுங்கி இருட்டிய பிறகு வந்து சேருவார். இருபுறத்து ஊர்களிலும் இப்படி அலைகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். "வாழ்நாள் பூரா பஸ்ஸுல நின்னுக்கிட்டே சம்பாதிச்சேன். இப்ப உக்கார சீட்டு கிடைக்குது, உடம்பு தாங்கலை" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தவர் சிரிக்கவில்லை.

"இந்த மழைக்காலம் முடியட்டும்மா. அப்புறம் நான் போகலை. விட்டுடறேன்."

"என்ன விட்டுடறே?"

"எல்லாத்தையும்தான்."

அவள் திட்டினாள். குடும்பத்தையே பேர் பேராக இழுத்துத் திட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார், மறுபேச்சு இல்லை. அண்ணன் வம்பு பேசினால் பயமில்லை, அமைதியாக இருந்தால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் எல்லைப்பகுதி வளர்ச்சி நிதி அறிவிப்பு வந்தது. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து எல்லையோர ஊர்களுக்கென்று ஒதுக்கிய பணம். நிபந்தனை ஒன்றே ஒன்று. எந்த ஊரும் தனியாகக் கேட்க முடியாது; எல்லைக்கு இருபுறமும் உள்ள ஊர்கள் கைகோத்து, இருவருக்கும் பயன்படும் ஒரே திட்டத்துக்குக் கேட்க வேண்டும். டயாலிசிஸ் மையம் கேட்கலாம் என்று திட்டக்காவுக்கு உடனே தோன்றியது. அக்கரை நகராட்சியின் செயலாளர் வேறு யாருமல்ல, அவளுடைய சம்பந்தி. மகளின் மாமனார்.

இதைவிடத் தோது என்ன வேண்டும் என்று ஊர் நினைத்தது. ஊருக்கென்ன தெரியும், சம்பந்திகள் பேசிக்கொள்ளும் லட்சணம்? ‘சாப்பிட்டீங்களா’வில் தொடங்கி ‘உடம்பைப் பாத்துக்குங்க’வில் முடியும். இடையில் ஒரு வார்த்தை தப்பிதமாக விழுந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது அந்தப் பெண்தான். அதனால் இருவரும் தொலைபேசியில் முட்டைமேல் நடப்பதுபோலப் பேசினார்கள்.

"இடம் எங்கேன்னு எழுதணும் சம்பந்தி. அக்கரைன்னு போட்டுடலாங்களா?"

"தாராளமா போடுங்க சம்பந்தியம்மா. அக்கரைதான் முறை."

"உங்களுக்கு ஒண்ணும் மனக்குறை இல்லையே?"

"சேச்சே. எனக்குச் சந்தோஷந்தான்."

அவள் அக்கரை என்றது அவருடைய கரையை. அவர் அக்கரை என்றது அவளுடைய கரையை. பெண்ணைக் கொடுத்தவர்கள் நாம், விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும் என்று இவள் நினைத்துக்கொண்டாள். பெண் எடுத்தவர்கள் நாம், இதில்கூட விட்டுக்கொடுக்காவிட்டால் என்ன மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டு பேருக்குமே உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தந்தான். ஆனாலும் பாலம் தாண்டினால் மையம் என்ற நினைப்பில் திட்டக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். விண்ணப்பத்தில் ‘மையம் அமையவுள்ள இடம்: அக்கரை’ என்று தட்டச்சு செய்து அனுப்பினாள். அவர் படித்துப் பார்த்து நிறைந்த மனதோடு கையெழுத்துப் போட்டார்.

வந்த விண்ணப்பங்களில் இவர்களுடையதே முதலிடம் என்று செய்தி வந்தபோது திட்டக்கா அலுவலகத்தில் அன்று யாரையும் திட்டவில்லை. இனி ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மையத்துக்கென்று முதலில் இங்கே ஒதுக்கி வைத்திருந்த காலிமனை இனித் தேவையில்லை என்று, பஸ் நிலையத்தை விரிவாக்க அதை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆய்வு நாளன்று அண்ணன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஜீப்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நீ எங்கே?"

"என் ஆஸ்பத்திரியை நான் பாக்க வேண்டாமா? நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. நான் ஓரமா இருக்கேன்."

அந்த மாலைக்குப் பிறகு எதற்கும் வாய் திறக்காத மனிதர் கொஞ்ச நாளாக இந்த மையத்தைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை இறக்கிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

பாலம் ஆற்றின் நடுவில் ஒரு பெரிய பாறைத் திட்டின் மேல் கால் ஊன்றி நிற்கிறது. எந்த வெள்ளத்திலும் முழுகாத திட்டு அது. முன்பு கெடுபிடி இருந்த காலத்தில் அங்கேதான் எல்லைச் சோதனைச் சாவடி இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் மூட்டை முடிச்சைத் திறந்து காட்டிவிட்டுத்தான் நகர முடியும். இரண்டு நாடும் ராசியாகிச் சோதனையை நிறுத்திய பிறகு, அந்தப் பெரிய கட்டடத்தை இரண்டு நகராட்சிக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டார்கள். பொதுச் சொத்து என்றால் யார் சொத்தும் இல்லை என்றுதானே பொருள்? பூட்டிக் கிடந்தது.

ஜீப் திட்டை நெருங்கும்போது எதிரே சம்பந்தியின் கார் வந்துகொண்டிருந்தது. வண்டிகள் நேருக்கு நேர் நின்றன. சம்பந்தி அவசரமாக இறங்கிக் கும்பிட்டார். பின்கதவைத் திறந்துகொண்டு ஆய்வு அதிகாரி இறங்கினாள். கண்ணாடி போட்ட, கண்டிப்பான முகமுள்ள அம்மாள்.

"வாங்க சம்பந்தியம்மா, நீங்களே எதிர்ல வந்துட்டீங்களா? மேடம் ரயிலைவிட்டு இறங்கினதும் நேரா கூட்டிக்கிட்டு வந்துட்டேன். வாங்க, இடத்தைப் பாத்துடலாம்."

"நாங்களும் அதுக்குத்தான் சம்பந்தி வந்துக்கிட்டிருக்கோம். வண்டியைத் திருப்புங்க, போகலாம்."

"திருப்பணுமா? ஏன், இப்படி நேராப் போனா உங்க ஊருதானே?"

"எங்க ஊருக்கு எதுக்கு? இடம் உங்க பக்கம்ல இருக்கு?"

சம்பந்தியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. பாலத்தின் மேல் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

"இடம் எங்கே?" என்றாள் அதிகாரி.

"அக்கரையில" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவள் கை அவர் ஊரைக் காட்டியது, அவர் கை அவள் ஊரைக் காட்டியது.

திட்டக்காவுக்கு விளங்கிவிட்டது. ஊரார் கோப்புகளையெல்லாம் சலித்துத் தப்புக் கண்டுபிடிக்கிறவள், ஒரே ஒரு சொல்லைச் சலிக்காமல் விட்டுவிட்டாள். ஜீப்புக்குள் அண்ணன் இருக்கிறார் என்ற நினைப்பு வந்ததும் திரும்பிப் பார்க்கவே அவளுக்குத் துணிவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்ப அக்கரைங்கிறது ஊர்ப் பேர் இல்லையா?"

"ஊர்ப் பேரா?"

"எங்க ஊர்ல ஆறே கிடையாதும்மா. அக்கரைன்னு இங்கே ஒரு ஊர் இருக்குன்னுதான் நான் நினைச்சேன். மேப்புல தேடினேன், கிடைக்கலை. சின்ன ஊரு, விட்டுப்போயிருக்கும்னு இருந்துட்டேன். நீங்க முதல்ல வந்ததே அதனாலதான் தெரியுமா? மத்த எல்லா எல்லையிலேர்ந்தும் எங்க பக்கம் வை, எங்க பக்கம் வைன்னு ஆளுக்கு ஒரு இடம் போட்டு அடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் ஒரே இடத்தைச் சொன்னது நீங்க மட்டுந்தான்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"சரி, போகட்டும். இப்ப சொல்லுங்க. எந்தக் கரையில மனை இருக்கு?"

திட்டக்கா பஸ் நிலையத்தைச் சொன்னாள். சம்பந்தி தன் கதையைச் சொன்னார். அவர் மனை காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டது. இரண்டையும் மீட்க வேண்டுமானால் மன்றத்தைக் கூட்டி, தீர்மானம் போட்டு, அதற்கு மேலே ஒப்புதல் வாங்கி... மழைக்காலம் என்ன, அடுத்த மழைக்காலமும் போய்விடும்.

"என் தப்புங்க சம்பந்தியம்மா. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"இல்லைங்க, எழுதினவ நான். என் தப்புதான்."

"அப்படிச் சொல்லாதீங்க, கையெழுத்துப் போட்டவன் நான்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றாள் அதிகாரி. குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "எனக்கும் மனசு வரலை. ஆனா இடம் இல்லைன்னா, இடம் இல்லைன்னுதான் எழுத முடியும். இன்னைக்கு அறிக்கை போயாகணும். பணம் அடுத்து நிக்கிற ஊருக்குப் போயிடும்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று திட்டக்கா பிறர் கதைக்குச் சொல்லியிருக்கிறாள். தன் கதைக்குச் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருடத்தில் அலுவல் வேலையாக நின்ற இடத்தில் அவள் அழுததில்லை. இப்போது அழுதுவிடுவோம் என்று தெரிந்து, ஜீப் பக்கம் திரும்பினாள்.

ஜீப்பில் அண்ணன் இல்லை.

பகீரென்றது. பாலத்தின் கைப்பிடிச் சுவர், கீழே ஆறு, விட்டுடறேன் என்ற அந்த வார்த்தை, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன. "அண்ணே!" என்று அவள் போட்ட கூச்சலில் சம்பந்தியின் டிரைவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏன் இப்படிக் கத்துறே? இங்கேதான் இருக்கேன்."

சோதனைச் சாவடியின் வாசலில், அந்தக் காலத்தில் வரிசையில் காத்திருப்பவர்களுக்குப் போட்ட சிமெண்டு பெஞ்சில், நிழலாகப் பார்த்து அவர் சட்டமாக உட்கார்ந்திருந்தார். "வெயிலு தாங்கலை. நீங்க உங்க தப்பு என் தப்புன்னு ஏலம் போட்டுக்கிட்டு இருந்தீங்க. சரி, முடியட்டும்னு வந்து உக்காந்தேன். ஜிலுஜிலுன்னு இருக்கு. என்ன, இங்கேர்ந்து பாத்தா ரெண்டு பக்கமும் அக்கரையாத்தான் தெரியுது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். திட்டக்காவுக்கு முதலில் அவர் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த நிம்மதியில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு அவர் தலைக்கு மேலே இருந்ததைப் பார்த்தாள். நீளமான கட்டடம், வரிசையாகப் பெரிய ஜன்னல்கள், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, சாமான் வண்டி ஏற்றுவதற்கென்று கட்டிய சரிவுப்பாதை. சக்கர நாற்காலி தாராளமாக ஏறும்.

"சம்பந்தி" என்றாள். "இந்தக் கட்டடம் யாரோடது?"

"நம்மோடதுதானே? ரெண்டு நகராட்சிக்கும்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அவர் கண்ணும் மேலே போயிற்று. "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டுன்னு சொல்வாங்களே சம்பந்தியம்மா."

"நெய்க்கு அலைஞ்சிருக்கோம்."

கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின, நாட்டுக்கு ஒன்று. ஒருவரை நம்பி ஒருவர் சாவியைக் கொடுக்காத காலத்தில் போட்டவை. அவளுடைய சாவி அலுவலகக் கொத்தில் இருந்தது. இத்தனை நாள் இது எதற்கு என்று தெரியாமலே அதைச் சுமந்திருந்தாள். அவருடைய சாவி காரிலேயே இருந்தது. அவள் பூட்டு சட்டென்று திறந்தது. அவர் பூட்டு அசையவில்லை. டிரைவர் எஞ்சின் எண்ணெய் விட்டு, கல்லால் இரண்டு தட்டுத் தட்டிய பிறகு மனம் இரங்கியது.

உள்ளே தூசி. ‘வரிசையில் நிற்கவும்’ என்ற பலகை. தரையின் குறுக்கே சுவரிலிருந்து சுவர் வரை ஒரு வெள்ளைக் கோடு, எல்லை அதுதான். அதிகாரி தும்மிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கரண்ட்?"

"பெட்டி படுக்கையைப் படம் எடுக்கிற பெரிய மெஷின் இங்கே ஓடிச்சு மேடம். அதுக்குத் தனி லைனே இழுத்திருக்கு" என்றார் சம்பந்தி.

"தண்ணி?"

"ரெண்டு ஊர்க் குழாயும் பாலத்தோடவே வருது" என்றாள் திட்டக்கா. "ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இருக்கும்."

"டாக்டருங்க வந்து பாக்கணும், தண்ணியைச் சோதிக்கணும். அதெல்லாம் அவங்க வேலை." அதிகாரி வெள்ளைக் கோட்டின் மேல் நின்று இருபுறமும் திரும்பிப் பார்த்தாள். "கட்டடம் கட்டுற வேலையே இல்லை. அதுவே பாதிக் காலம் மிச்சம். பெயின்ட் அடிச்சு மெஷினை இறக்கவேண்டியதுதான். மழைக்கு முன்னாடியே திறந்துடலாம்."

திட்டக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். மழைக்கு முன்னாடியே. அவள் வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. இந்த அம்மாளைக் கட்டிக்கொண்டால் அரசு விதிக்கு விரோதமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள்.

அதிகாரி விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டினாள். "இடத்தைத் திருத்தினா மறுபடியும் குழுவுக்குப் போகணும். அதுக்கு நேரமில்லை." கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தாள். "உங்க வீட்டுலேர்ந்து பாத்தா இந்தத் திட்டு ஆத்துக்கு அப்பாலதானே இருக்கு?"

"பாதி ஆத்துக்கு அப்பால மேடம்."

"உங்களுக்கும் அப்படித்தானே சார்?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப அக்கரைன்னு எழுதினதுல ஒண்ணும் தப்பில்லை" என்று பேனாவை மூடினாள். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். "திறப்பு விழாவுக்கு முன்னாடி ஒரு பலகை அடிச்சு மாட்டிடுங்க. அக்கரைன்னு ஒரு ஊர் இருக்கட்டும். நானும் பொய் எழுதினவளாக மாட்டேன்."

வெளியே பெஞ்சிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "திட்டுறவளுக்குத் திட்டுலதான் திட்டம்னு எழுதியிருக்கு பாரு!"

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் திட்டக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள், "சம்பந்தி, இனிமே நமக்குள்ள இந்த மரியாதையெல்லாம் வேண்டாம். மனசுல இருக்கிறதைப் பட்டுன்னு சொல்லிடுங்க" என்றாள். "சொல்லிடலாங்க" என்றார் அவர். "அப்படீன்னா ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மையம் உங்க பக்கம் போகுதேன்னு எனக்கு ரெண்டு நாள் சாப்பாடே இறங்கலை." "எனக்கும்தான்" என்றாள் அவள்.

கார் அதிகாரியை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அண்ணன் ஜீப்பில் ஏற மாட்டேன் என்றார்.

"இங்கேர்ந்து வீட்டுக்கு நடந்தே வரேன்."

"உனக்கென்ன பைத்தியமா? நேத்துதான் ஊசி குத்திக்கிட்டு வந்திருக்கே."

"அதனாலதான். முடியுதான்னு பாக்க வேண்டாமா?"

நடந்தார். அவள் பக்கத்தில் நடந்தாள். ஜீப் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பாலம் முடிகிற இடத்தில் ஒருமுறை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கையை நீட்டினாள், வேண்டாம் என்று தலையசைத்தார். மருந்துக்கடைப் படிக்கட்டில் ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து, கண்டக்டர் காலத்துப் பழக்கத்தில் "ரைட், போலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெரு முனை திரும்பினார். வீட்டு வாசலுக்கு வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வியர்த்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. வெயில் இன்னும் தெருவிலேயே இருந்தது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு ஊர்ப் பயணம் எதிலிருந்தும் அவர் வெயில் இருக்கும்போது வீடு வந்து சேர்ந்ததில்லை.

திட்டக்கா சாவியைத் தேடினாள். கண்ணீரில் சாவித்துளை தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினாள்.

"ஏம்மா" என்றார் அண்ணன். "அன்னைக்கு விட்டுடறேன்னு சொன்னேன்ல?"

"அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்துறே?"

"அதை விட்டுட்டேன்" என்றார்.